மஞ்சக்குப்பம் வீடு: பெயின்ட்டை நம்பி இறங்காதீர்கள்

வணக்கம் நண்பரே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டைக் கடனில் வாங்கி, பெயின்ட், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் என்று ஆறு லட்சம் போட்டு, ஆறே மாதத்தில் விற்றால் லாபம் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வாங்கும்போதே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் போய்விடும். 24 மாதங்களுக்குள் விற்றால் அது குறுகிய கால மூலதன ஆதாயம். உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி விழும். வட்டியும் தரகும் தனி.

அதைவிடப் பெரிய கவலை சுவர்தான். இது உப்புக்காற்று அடிக்கிற ஊர். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தாலோ, வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ ஓதம், அதாவது தரை ஈரம், சுவரில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஐப்பசி மழைக்கே கொப்புளித்துவிடும். கூரைத் தளத்தின் அடியில் கம்பி ஓடும் வரிசையிலேயே விரிசல் தெரிந்தால் உள்ளே துரு என்று சந்தேகப்படுங்கள். அதை ஃபால்ஸ் சீலிங்கால் மூடி இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது பாவம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

2015 வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் போய், ஓதத்தையும் மொட்டைமாடிக் கசிவையும் சரிசெய்ய ஆகும் செலவை எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.