நாய்க்கு பர்த்டேவா? கேக்க இட்லித் தட்டுல ஊத்துங்க

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கோம் டாக்டர். எங்க லாப்ரடார் பிரவுனிக்கு வர்ற ஞாயித்துக்கிழமை மூணு வயசு முடியுது, 29 கிலோ இருக்கான். பசங்களோட ஃப்ரெண்ட்ஸ் ஏழெட்டு பேரு, தெருவுல தெரிஞ்சவங்க வீட்டு நாய் நாலு, கேக், பலூன், மறுநாள் ஏற்காடுன்னு பிளான் வெச்சிருக்கோம். கடை கேக்ல ஒரு துண்டு குடுக்கலாமா? வேற எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

பதில்: கடை கேக் வேண்டாங்க. சாதா ஸ்பாஞ்ச் ஒரு வாய் தின்னா பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா கடை கேக்ல என்னென்ன போட்டிருக்காங்கன்னு நமக்குத் தெரியாதுல்ல, உலர் திராட்சை இருந்தா கிட்னிய பாதிக்கும், சாக்லேட்ல தியோப்ரோமின்னு ஒண்ணு இருக்கு, அத நம்ம உடம்பு சீக்கிரம் கழிச்சிடும், நாய் உடம்புல மணிக்கணக்கா தங்கி நெஞ்சு படபடன்னு அடிச்சு ஃபிட்ஸ் வரைக்கும் போயிடும். மில்க் சாக்லேட்ட விட டார்க் சாக்லேட்டும் கொக்கோ பவுடரும் ரொம்ப மோசம். சுகர் ஃப்ரீ ஐட்டம்னா கிட்டயே விடாதீங்க, அதுல சர்க்கரைக்குப் பதிலா போடுற சைலிட்டால்ங்கற இனிப்பு இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ளயே சர்க்கரை இறங்கி நாய் தள்ளாட ஆரம்பிச்சிடும். பீனட் பட்டர் வாங்கினா லேபிள படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

வீட்லயே பண்ணிடுங்க, ரொம்ப ஈஸி. எலும்பில்லாத கோழிக்கறிய உப்பு, மசாலா எதுவும் போடாம கொத்திக்கோங்க, வேகவெச்ச மஞ்சப் பூசணி ஒரு கை, ராகி மாவு ரெண்டு ஸ்பூன், ஒரு முட்டை, எல்லாத்தையும் பிசைஞ்சு இட்லித் தட்டுல ஊத்தி இருபது நிமிஷம் ஆவில வேகவிட்டா குட்டி குட்டி கேக் ரெடி. மேல க்ரீமுக்குப் பதிலா தயிர துணில கட்டித் தொங்கவிட்டு கெட்டியானதும் தடவுங்க. அளவு முக்கியம்ங்க, பிரவுனி சைஸுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 1200 கலோரி போதும், அதுல பத்துல ஒரு பங்குதான் இந்த மாதிரி ஸ்பெஷல் அயிட்டத்துக்கு, ஒரு முட்டையே 70 கலோரி வந்துடுது. அதனால ரெண்டு இட்லி கேக் அவனுக்கு, மிச்சத்த வர்ற நாய்ங்களுக்கு அவங்கவங்க ஓனர கேட்டுட்டு குடுங்க, அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டையும் கொறைச்சிடுங்க.

இத ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ஒரு தடவ ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு லாப்ரடார தூக்கிட்டு வந்தாங்க. முன்னங்கால தரையோட தரையா நீட்டி பின்பக்கத்த மட்டும் தூக்கிட்டு நின்னுச்சு, வயித்துல கை வெச்சா முனகல், நிக்காம வாந்தி. கணையம் வீங்கிடுச்சு, அஞ்சு நாள் டிரிப்ஸ் ஏத்தித்தான் தேறுச்சு. என்ன குடுத்தீங்கன்னு கேட்டா வந்த ஒவ்வொருத்தரும் "ஒரே ஒரு கொழுப்புத் துண்டு தான் டாக்டர்"னாங்க, எல்லாரும் உண்மையத்தான் சொன்னாங்க, விருந்துக்கு வந்தது பதினஞ்சு பேரு. அதனால பிரவுனிக்கு ஊட்டுற வேலைய வீட்ல ஒரே ஒருத்தர் மட்டும் எடுத்துக்கோங்க, மத்தவங்க கை நீட்டக் கூடாதுன்னு வாசல்லயே சொல்லிடுங்க. வந்தவங்களுக்கு எப்படியும் தட்டுவடை செட் வாங்கி வெப்பீங்க, அதுல இருக்கற வெங்காயமும் பூண்டுச் சட்னியும் நாயோட ரத்தச் சிவப்பணுவ உடைக்கும், அதோட அறிகுறி அன்னிக்கே தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஈறு வெளுத்து மூத்திரம் கருஞ்செவப்பா போகும்போதுதான் தெரியும். பிரியாணி எலும்பும் வேண்டாம், வெந்த எலும்பு சிம்பு சிம்பா உடைஞ்சு குடல்ல குத்தும்.

அடுத்தது கூட்டம். உங்க ஆசை புரியுது, ஆனா நாலு நாய், எட்டு பசங்க, ஒரே ஹால்னா பிரவுனிக்கு அது பண்டிகையா இருக்காது. நாலுக்குப் பதிலா அவனுக்கு ஏற்கனவே பழக்கமான ஒண்ணு ரெண்டு போதும், தடுப்பூசி போட்டதா பாத்துக் கூப்பிடுங்க, ஹீட்ல இருக்கற பொட்டை நாய் வேண்டாம். முதல்ல தெருவுல சேத்து கொஞ்ச நேரம் நடக்க விட்டு அப்புறமா வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாங்க, தின்றத தனித்தனி இடத்துல வெச்சுக் குடுங்க. பலூன் கட்டவே கட்டாதீங்க, வெடிச்சா பயந்துடும், ரப்பர முழுங்கிட்டா குடல் அடைச்சுக்கும். ஒரு ரூம்ல அவனோட பாய், தண்ணி, ஃபேன் போட்டு வெச்சு, அவன் உள்ள போயிட்டா யாரும் பின்னாடி போகக் கூடாதுன்னு பசங்ககிட்ட கண்டிஷனா சொல்லிடுங்க. பிரவுனி உதட்ட நக்கிக்கிட்டே இருந்தா, தூக்கமே இல்லாம கொட்டாவி விட்டா, கண்ணோட வெள்ளை தெரிய ஓரமா பாத்தா அவனுக்குப் போதும்னு அர்த்தம். உறுமினா திட்டாதீங்க, அது எச்சரிக்கை, திட்டித் திட்டி அத நிறுத்தினீங்கன்னா அடுத்த தடவ உறுமாம நேரா கடிச்சிடும். யாருக்காவது பல்லு பட்டுட்டா ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், தடுப்பூசி போட்ட நாய்தானேன்னு விட்டுடாதீங்க.

பார்ட்டி நேரம் சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வெச்சுக்கோங்க, சேலம் வெயிலுக்கு மத்தியானம் மொட்டை மாடி ஆகவே ஆகாது. கிஃப்ட்டா ஒண்ணு பண்ணுங்க, பழைய டவல்ல வெந்த கோழித் துண்டுங்கள ஒளிச்சு வெச்சு இறுக்கமா சுருட்டிக் குடுங்க, மோந்து மோந்து அவிழ்ப்பான் பாருங்க, கால் மணி நேரம் வேற உலகத்துல இருப்பான்.

ஏற்காட்டுக்குத் தாராளமா போங்க. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அதனால கிளம்பறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடியே சாப்பாட முடிச்சிடுங்க, பெல்ட் மாட்டி பின் சீட்ல உக்கார வைங்க, வழில ரெண்டு இடத்துல நிறுத்தி இறக்கி விடுங்க. கார்ல தனியா விட்டுட்டு ஏரி பாக்கப் போயிடாதீங்க, மேல குளுகுளுன்னு இருந்தாலும் வெயில்ல நிக்கிற கார் உள்ள சீக்கிரம் கொதிச்சிடும். குரங்கு இருக்கற பக்கம் கயித்த விடவே விடாதீங்க. எஸ்டேட்ல கீழ கிடக்குற காப்பிக் கொட்டைய பொறுக்கித் தின்ன விடாதீங்க, அதுல இருக்கற கஃபீனும் சாக்லேட் மாதிரியே வேலை பண்ணும்.

திரும்பி வந்ததும் உண்ணி தேடுங்க, காதுக்குள்ள, காலர் அடில, அக்குள்ல, விரல் இடுக்குல. இருந்தா இடுக்கிய தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். அடுத்த மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், மந்தம், மூக்குல ரத்தம்னு ஏதாவது தெரிஞ்சா ஏற்காடு போயிட்டு வந்தத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை ராத்திரி எந்த டாக்டர் இருப்பாருன்னு சனிக்கிழமையே ஃபோன் பண்ணிக் கேட்டு நம்பர ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க, ஏதாவது தின்னுட்டான்னா உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காம நேரா அவருக்கு அடிங்க, தின்ன பொருளோட கவரையும் கையோட எடுத்துட்டுப் போங்க.