வாத்தியாரைக் கேளுங்கள்: முடிதிருத்தும் கடைச் சுவரில் ஒரு குதிரைக்காரர்

கேள்வி: வாத்தியார் ஐயா, நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் முருகன் படத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் நடுவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. எலும்பும் தோலுமாக ஒரு குதிரை, அதன்மேல் ஈட்டியோடு ஓர் ஒல்லி ஆள். பக்கத்தில் ஒரு குண்டர். தூரத்தில் காற்றாலைகள், மேலே சூரியன். கடைக்காரரைக் கேட்டால், "பழைய முதலாளி மாட்டினது, எனக்கும் தெரியாது" என்கிறார். யார் இவர்கள்?
(செம்பனை லாரி ஓட்டுநர், பெஸ்தாரி ஜெயா)

பதில்: தம்பி, நம் ஊருக்குப் பெயர் மாறினாலும் எனக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்தக் கடையில் நானும் முடி வெட்டியிருக்கிறேன். படம் பிக்காசோவுடையது, அச்சுப் பிரதி. 1955 ஆகஸ்ட் 10 என்ற தேதி போட்டு, 'லே லெத்ர் பிரான்சேஸ்' என்ற பிரெஞ்சு வார இதழுக்காக வரைந்தார். ஒல்லி ஆள் டான் கிஹோத்தே, குண்டர் சாஞ்சோ பான்சா. ஸ்பெயின்காரர் செர்வாந்தேஸ் எழுதிய நாவலின் நாயகர்கள். முதல் பாகம் 1605இல், இரண்டாம் பாகம் 1615இல் வந்தது. முதல் பாகத்துக்கு 350 வயது ஆனதற்காகத்தான் பிக்காசோவின் படம்.

கதை இதுதான்: வீரக்கதைகளை ராப்பகலாகப் படித்து மூளை கலங்கிய ஒரு கிராமத்துக்காரர், தாத்தா காலத்துத் துருப்பிடித்த கவசத்தை மாட்டிக்கொண்டு உலகத்தைத் திருத்தக் கிளம்புகிறார். உன்னை ஒரு தீவுக்கு ஆளுநராக்குகிறேன் என்று அவர் சொன்னதை நம்பி, அதே ஊர் விவசாயி சாஞ்சோவும் கழுதையில் பின்னாலேயே போகிறான்.

இன்னொன்று. இரண்டாம் பாகத்தின் 71ஆம் அத்தியாயத்தில் இருவரும் ஒரு சத்திரத்தில் தங்குகிறார்கள். சுவரில் மட்டமாக வரைந்த பழைய துணிச்சீலைகள். அதைப் பார்த்துவிட்டு சாஞ்சோ சொல்கிறான்: கொஞ்ச நாளில் நம் கதை வரையப்படாத மதுக்கடையோ சத்திரமோ முடிதிருத்தும் கடையோ இருக்காது, பாருங்கள். இதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். படத்தைக் கழற்ற மாட்டார்.

கேள்வி: என் மகள் கைப்பேசியில் டான் கிஹோத்தே படங்களைத் தேடினாள். ஒன்றில் கோமாளி, ஒன்றில் கனவான், ஒன்றில் முகமே இல்லை! உண்மையில் அவர் எப்படி இருப்பார்?
(குடும்பத்தலைவி, பீடோர்)

பதில்: நல்ல கேள்வி அம்மா. செர்வாந்தேஸ் கொடுத்த அடையாளம் கொஞ்சம்தான். தொடக்கத்தில், ஐம்பதை நெருங்கும் வயது, வற்றிய உடம்பு, ஒட்டிய முகம் என்று முடித்துவிடுகிறார். இரண்டாம் பாகத்தில் வேறொருவர் வாயால், உயரமான ஆள், நரை கலந்த தலை, வளைந்த கழுகு மூக்கு, கீழே தொங்கும் பெரிய கறுத்த மீசை என்று கூடுதலாகச் சொல்கிறார். தொங்கும் மீசை! ஆனால் எத்தனை ஓவியர்கள் அதை மேல்நோக்கி முறுக்கிவிட்டிருக்கிறார்கள் என்று உங்கள் மகளை எண்ணச் சொல்லுங்கள். சாஞ்சோ கதையும் அதுதான். முதல் பாகத்தின் 9ஆம் அத்தியாயத்தில், தொலேதோ நகரத்துக் கடைத்தெருவில் கிடைத்த கையெழுத்துப் பிரதியில் இவர்களின் படமே இருந்ததாகச் செர்வாந்தேஸ் கதை கட்டுகிறார். அதில் சாஞ்சோவுக்குப் பெரிய தொந்தி, குட்டை உடம்பு, நீண்ட கால்கள். அந்த நீண்ட காலை அநேகமாக யாருமே வரைவதில்லை.

மிச்சத்தை ஓவியர்கள் இட்டு நிரப்பினார்கள். அதில் தெரிவது கிஹோத்தேயின் முகத்தைவிட அந்தந்தக் காலத்தின் முகம் என்றே எனக்குப் படுகிறது. 17ஆம் நூற்றாண்டுக்கு இது வயிறு குலுங்கச் சிரிக்கும் கதை. 1657இல் டோர்ட்ரெக்ட் நகரில் வந்த டச்சுப் பதிப்பு படங்களோடு வந்தது. பிற்பாடு வந்தவர்கள் அவற்றைத் தாராளமாகக் காப்பியடித்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் விழுவதும் அடிபடுவதும்தான் அதிகம். சாஞ்சோவைப் போர்வையில் போட்டு வானத்துக்கு எறியும் காட்சி எல்லாருக்கும் செல்லம்.

18ஆம் நூற்றாண்டில் கனவான்கள் கையில் சிக்கினார். பிரான்சில் கொய்பெல் என்ற ஓவியர் வரைந்த 28 காட்சிகளை கொப்லென் நெசவுக்கூடத்தில் சுவர்த்திரைகளாக நெய்தார்கள். நடுவில் சின்னதாகக் கிஹோத்தே, சுற்றிப் பூமாலை, மேலே மயில். கல்யாண மண்டப மேடை தோற்றது! இதில் அடிபட்ட கிழவருக்கு எங்கே இடம்? லண்டனில் 1738இல் கார்ட்டரெட் பிரபு ஸ்பானிய மொழியிலேயே ஆடம்பரப் பதிப்பு போட்டார். வாண்டர்பாங்க் வரைந்தார். நம் ஆளை வெளியூர்க்காரன் இப்படிக் கொண்டாடுகிறானே என்று ஸ்பெயினுக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். 1780இல் ஸ்பானிய அகாதமி, இபார்ரா அச்சகத்தில் நான்கு தொகுதிகளை அச்சிட்டது. உடை, கவசம் எல்லாம் அந்தக் காலத்துப்படி சரியாக இருக்க வேண்டும் என்று கறார். கிஹோத்தே போன பாதைக்கு நிலப்படம்கூடப் போட்டார்கள். அந்தப் பதிப்புக்கு ஓர் இளம் ஓவியர் கொடுத்த படத்தைச் சேர்க்கவில்லை. அவர்தான் பின்னால் ஸ்பெயினின் மாபெரும் ஓவியரான கோயா.

அப்புறம் தோரே என்ற பிரெஞ்சு ஓவியர். 1863, பாரிஸ் பதிப்பு. என் அத்தை துரை பங்களாவில் ஆயா. துரை சீமைக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன சாமான்களில், தோரே படங்கள் போட்ட தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று அத்தையோடு லயத்து வீட்டுக்கு வந்தது. அரிசித் தகரத்தின்மேல் வைத்துப் புரட்டுவேன். எழுத்து புரியாது, படம் போதும். முதல் படமே பிரமாதம்: நாற்காலியில் கிஹோத்தே, ஒரு கையில் புத்தகம், மறு கையில் தூக்கிய வாள். சுற்றிலும் அவர் மூளையிலிருந்து இறங்கி வந்த வீரர்களும் பெண்களும் பூதங்களும் அறை கொள்ளாமல். 300க்கும் மேற்பட்ட படங்கள் அந்தப் புத்தகத்துக்காக. வரைந்தது தோரே, மரக்கட்டையில் செதுக்கியது பிசான் என்ற கைவினைஞர். அவர் கையை நான் வியப்பதுண்டு. ரப்பர் மரப் பட்டையைச் சீவி, மரத்தைக் காயப்படுத்தாமல் நிறுத்தும் நல்ல பால்வெட்டுக்காரியின் கத்திக் கணக்குதான் அது. ஒரு மயிரிழை ஆழம் கூடினால் அந்த வானம் கெட்டது. இன்று யார் கிஹோத்தேயை நினைத்தாலும் மனத்தில் வருவது பாதி தோரேதான்.

ஆனாலும் என் ஓட்டு தோமியேவுக்கு. இவர் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். பிரெஞ்சு ராஜாவைக் கிண்டலடித்து வரைந்ததற்காக 1832இல் ஜெயிலுக்குப் போனவர். கிஹோத்தேயைத் திரும்பத் திரும்ப வரைந்தார். உங்கள் மகள் கண்ட முகமில்லாத படம் அவருடையதாகத்தான் இருக்கும். மியூனிக் அருங்காட்சியகத்தில் இருப்பது, 1868 வாக்கில் தீட்டியது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மண் நிறத்தில் ஒரு திட்டு, அவ்வளவுதான். கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனால் முதுகு நிமிர்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். தோற்றுத் தோற்றுப் பழகியவனின் விறைப்பு அது. மீசை தொங்கினதா முறுக்கினதா என்று கேட்கவே தோன்றாது.

ஸ்பானிய ஓவியர் டாலியும் வரைந்தார். 1957இல் வெளிவந்த கல்லச்சு ஓவியங்களுக்காக (கல்லில் வரைந்து அச்செடுப்பது) பழங்காலத் துப்பாக்கியில் மை நிரப்பிக் கல்லின்மீது சுட்டார். வேடிக்கை பார்க்க நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் செர்வாந்தேஸ் படம் இருக்கிறதே, அதுவாவது அசலா?
(ஐந்தாம் படிவ மாணவன், கோலசிலாங்கூர்)

பதில்: அவர் உயிரோடு இருந்தபோது வரைந்தது என்று உறுதியான படம் ஒன்றும் இல்லை தம்பி. 1613இல் ஒரு முன்னுரையில் தன் முகத்தைத் தானே வர்ணித்திருக்கிறார். கழுகு முகம், வெள்ளித் தாடி, மிஞ்சியிருப்பது ஆறே பல், அதுவும் ஒழுங்காக இல்லை என்று. மேலே சொன்ன 1738 லண்டன் பதிப்புக்கு வில்லியம் கென்ட் அந்த வர்ணனையை வைத்துத்தான் முகத்தைக் கற்பனை செய்தார். மற்றவையும் அதே ரகம்தான்.

கேள்வி: எல்லாப் படத்திலும் காற்றாலை இருக்கிறது. புத்தகம் முழுக்க அதுதானா?
(வாசகர், ரவாங்)

பதில்: இல்லவே இல்லை. முதல் பாகத்தின் 8ஆம் அத்தியாயத்தில் ஓரிரு பக்கம். அரக்கர்கள் என்று பாய்கிறார், இறக்கை தூக்கி எறிகிறது, முடிந்தது. ஆனால் வட்டமாய்ச் சுழலும் இறக்கைக்கு எதிரே நேர்க்கோடாய் ஓர் ஈட்டி! எந்த ஓவியன் விடுவான்?

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பிள்ளைகளை டான் கிஹோத்தே வரையவைக்கலாம் என்று இருக்கிறேன். குதிரை என்றாலே பயப்படுகிறார்கள். யோசனை சொல்லுங்கள் ஐயா.
(ஆசிரியை, ஈஜோக்)

பதில்: முதலில் எந்தப் படத்தையும் காட்டாதீர்கள் டீச்சர். காட்டினால் முப்பது தோரே கிடைக்கும். வர்ணனையை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், தொங்கும் மீசை, சாஞ்சோவின் நீண்ட கால் உட்பட. தலைக்கவசம் ஒரு சவரத்தொழிலாளியின் பித்தளைத் தட்டு என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் கழுத்தில் பொருந்தும்படி விளிம்பில் பிறை மாதிரி வெட்டு இருக்கும். மழைக்கு அதைத் தலையில் கவிழ்த்து வந்த ஒருவரை விரட்டிவிட்டுக் கிஹோத்தே எடுத்துக்கொண்டது அது. பிள்ளைகள் இதை ரசிப்பார்கள்.

குதிரைக்கு விலா எலும்பு ஐந்து கோடு, கால் நான்கு குச்சி. பிக்காசோவே அதற்குமேல் மெனக்கெடவில்லை. அப்படியும் மாடு மாதிரி வந்தால் பரவாயில்லை. உபேதா ஊர் ஓவியன் ஒருவனைப் பற்றி நாவலிலேயே வருகிறது. என்ன வரைகிறாய் என்றால், "வருவது வரட்டும்" என்பானாம். சேவல் வரைந்தால் கீழே 'இது சேவல்' என்று எழுதிவைப்பானாம். உங்கள் பிள்ளைகளும் 'இது ரோசினாந்தே' என்று எழுதட்டும், அதுதான் குதிரையின் பெயர். தாளை நிமிர்த்தி வைத்து வரையச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் ஈட்டிக்கு இடம் போதாது.