மேடைப்பேச்சு மன்றத்தில் இரண்டு மூன்று பேரே எல்லா வேலையையும் சுமக்கிறார்கள். மற்றவர்களுக்கு அக்கறையே இல்லை. அவர்களைப் பொறுப்பெடுக்க வைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் கூடும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் நான் உறுப்பினர். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்பது மேடைப்பேச்சும் தலைமைப் பண்பும் பழகும் மன்றங்களின் உலகளாவிய அமைப்பு. யார் எந்தக் கூட்டத்தில் என்ன செய்வது என்று அட்டவணை போடும் கல்வித் துணைத் தலைவர் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வியில் உள்ள ஒரு வரியை முதலில் மறுக்க விரும்புகிறேன். ‘மற்றவர்களுக்கு அக்கறையே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன்.

எங்கள் மன்றத்தில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்தவர்கள்; என்னைப் போல அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் சிலர் உண்டு. ஆடி மாதத்தில் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் இவர்களைப் பார்க்க வேண்டும். யாரும் யாரையும் கெஞ்சுவதில்லை. அடுப்பு ஒருவர், வேப்பிலை ஒருவர், வரிசையைக் கவனிக்க ஒருவர், பாத்திரம் கழுவ நான்கு பேர். மன்றத்தில் ‘யாராவது முன்வாருங்கள்’ என்றதும் தலையைக் குனிந்துகொள்ளும் அதே அக்கா, கோயிலில் விடியும் முன்பே பெரிய அண்டாவைக் கிளறிக்கொண்டிருப்பார். அங்கே அவருடைய வேலை எது, எங்கே முடிகிறது என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் வழிகாட்ட ஒரு பெரியவர் இருப்பார். அந்த அக்காவின் கையிலிருந்து கரண்டியை யாரும் பிடுங்க மாட்டார்கள். இந்த மூன்றும் உங்கள் மன்றத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எங்கள் அமைப்பில் சம்பளம் வாங்கும் ஆசிரியர் கிடையாது. 1924-இல் கலிபோர்னியாவின் சான்டா அனாவில் நிறுவனர் ரால்ப் ஸ்மெட்லி முதல் கூட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, செய்து கற்பதும் ஒருவரை ஒருவர் மதிப்பிடுவதுமே முறை. பேசுவது பயிற்சியின் ஒரு பகுதிதான். கூட்டத்தை நடத்துவது, முன்தயாரிப்பு இல்லாத ஓரிரு நிமிடப் பேச்சுகளுக்குத் தலைப்புக் கொடுப்பது, அடுத்தவர் பேச்சை இரண்டு மூன்று நிமிடத்தில் மதிப்பிடுவது, நேரம் பார்ப்பது, மொழியைக் கவனிப்பது எல்லாமே பாடங்கள். இவற்றை மூன்று பேர் மட்டும் செய்தால் அந்த மூன்று பேர் மட்டுமே வளர்கிறார்கள். அவர்கள் தியாகம் செய்வதாக நாம் நன்றி சொல்கிறோம். உண்மையில் மற்றவர்களுக்குச் சேர வேண்டிய பயிற்சி அவர்களிடமே தங்கிவிடுகிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஆகவே கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்காதீர்கள். ஒருவரைத் தனியாக அழைத்து, பெயர் சொல்லி, தேதி சொல்லி, ஒரே ஒரு பொறுப்பைக் கேளுங்கள். புதியவருக்கு நேரம் பார்க்கும் பொறுப்பே நல்ல தொடக்கம். வழக்கமான ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தாவது நிமிடத்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு; அதற்கு மேல் முப்பது விநாடி சலுகை. விதி தெளிவாக இருப்பதால் பயம் குறைகிறது. ஆனாலும் எழுந்து நின்று விதியை விளக்க வேண்டும், முடிவில் அறிக்கை சொல்ல வேண்டும். ஆக, அவர் அன்று இருமுறை பேசிவிடுகிறார்.

2022, 2023-இல் இங்கே மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தது. ஒரு மாலை மின்சாரம் போய் வண்ண விளக்குகள் அணைந்தன. அன்று நேரம் பார்த்தவர் சேர்ந்து சில வாரங்களே ஆன ஓர் இளம்பெண். மூத்த உறுப்பினர் ஒருவர் உதவ எழுந்தார். தலைவர் அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார். அந்தப் பெண் தன் பையிலிருந்து மூன்று வண்ண அட்டைகளை எடுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கிறார்! உடனடிப் பேச்சுகளை நடத்தும் பொறுப்பைப் பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தலைவர் அன்று செய்ததைத்தான் உங்கள் மன்றத்தின் அந்த இரண்டு மூன்று பேரும் செய்ய வேண்டும். கொடுத்த பொறுப்பில் கை வைக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் மதிப்பீட்டு நேரத்தில் சொல்லலாம். நடுவில் மேடையேறித் திருத்தினால் பொறுப்பெடுத்தவர் அடுத்த முறை வர மாட்டார்.

அட்டவணையைச் சில வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். தைப்பூசக் காவடி விரதம், ஈஸ்டர் சமயத் தீமிதி, பிள்ளைகளின் ஆண்டிறுதித் தேர்வு ஆகியவற்றைப் பார்த்துப் போட்டால் பாதி விடுபடல்கள் குறையும். வர முடியாதவர் தனக்கு மாற்றாளைத் தானே தேடித் தர வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அரங்கச் சாவியைக் கார் இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். இருட்டிய பிறகு டாக்ஸி வேனுக்கு (பலர் சேர்ந்து போகும் சிற்றுந்து) காத்திருப்பவரிடம் கதவு பூட்டும் வேலையையும் சுமத்துவது நியாயமில்லை. அவரை வீட்டில் இறக்கிவிடுவது யார் என்பதும் அட்டவணையில் இருக்க வேண்டிய பொறுப்புதான்.

நிர்வாகக் குழுவில் ஏழு பதவிகள்: தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், அரங்க ஏற்பாட்டாளர். ஆண்டுதோறும் தேர்தல் நடத்தும் மன்றங்களில் மே மாதம் தேர்தல், ஜூலை 1 முதல் பதவிக்காலம். ஓராண்டு முழுவதும் தலைவராக இருந்தவர் தொடர்ந்து மறுபடி தலைவராக முடியாது. ஆனால் அதே ஆட்கள் நாற்காலியை மாற்றி உட்கார்ந்துகொண்டால் அந்த விதியால் பயனில்லை. அதனால் தேர்தல் வரை காத்திராமல், பதவியில் உள்ள ஒவ்வொருவருக்கும் துணையாக ஒருவரை இப்போதே அமர்த்துங்கள். முதலில் பொருளாளருக்கு. மக்கள் அதிகம் அஞ்சுவது அந்தப் பதவிக்குத்தான். சந்தா அக்டோபர் 1, ஏப்ரல் 1 என ஆண்டுக்கு இருமுறை கட்ட வேண்டும். தலைமையகத்துக்கு டாலரில் போக வேண்டும், நாம் வசூலிப்பதோ தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில். மாற்று விகிதம் மாறியபடி இருக்கும். அடுத்த சந்தா வசூலைத் துணையாளர் செய்யட்டும், பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். வங்கியில் கையெழுத்து மாற்ற நாளாகும் என்பதால் அந்த விண்ணப்பத்தைத் தேர்தல் முடிந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.