லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அப்டேட் போட்டால் முழு ரீபூட் கட்டாயமா?

கட்டாயமாக்கவே கூடாது. அவசர வேலைக்கு நடுவில் 'ரீஸ்டார்ட் செய்து நிறுவு' என்று வந்து நின்றிருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை மாற்றினாலும், அந்த நிரலை மூடும் வரை லினக்ஸ் பழைய கோப்பை விட்டுவைக்கும். பிடிஎஃப் ரீடர் மாறினால் அதை மட்டும் மூடித் திறந்தால் போதும். கெர்னல் (கணினியின் மையநிரல்), ஜிலிப்சி (எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்), சிஸ்டம்டி (மற்ற சேவைகளைத் தொடங்கி வைப்பது) மாறினால் ரீபூட்தான் சரி, அதை நான் மறுக்கவில்லை. எது மாறியது என்று கணினிக்கே தெரியும். ரீபூட் தேவைப்பட்டால், உபுண்டு என்ற லினக்ஸ் வகை அதற்கென்று ஒரு கோப்பு எழுதி வைக்கிறது. ஃபெடோரா என்ற இன்னொரு வகையிலோ இந்த ரீபூட் முறை 2013இல் வந்த 18ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது; க்னோம் என்ற அதன் டெஸ்க்டாப் வழியாகப் போட்டால் கணினித் தொகுப்புகள் எல்லாமே ரீபூட்டில்தான் நிறுவப்படுகின்றன.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்த நேரம், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. இரவு கடை சாத்தும்போது, வேலை பார்க்கும் பெண் பவர் ஆஃப் கொடுத்தார். அப்போது திரையில் வரும் பெட்டியிலேயே அப்டேட்டுக்கு டிக் போட்டு வருகிறது. அணைய வேண்டிய ஃபெடோரா கணினி மறுபடி எழுந்து நிறுவ ஆரம்பித்தது. பாதியில் கரண்ட் போனது, யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை. காலையில் லாகின் திரையே வரவில்லை. புரூஃப் பார்க்கத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த பெண் வீட்டார் பெஞ்சில் காத்திருந்தார்கள். கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலை எடுத்து, படமில்லாத டெக்ஸ்ட் மோடில், டிஎன்எஃப் என்ற ஃபெடோராவின் நிறுவும் கருவியில் டிஸ்ட்ரோ-சிங்க் கட்டளை ஓட்டி மீட்பதற்குள் மதியமாகிவிட்டது.

   

கரண்ட் போனால், ரீபூட் இல்லாமல் போடும் நேரடி அப்டேட்டும் உடையுமே என்பார்கள். உடையும். ஆனால் எந்த நேரத்தில் ஓட்டுவது என்பது என் கையில் இருக்கும். 2016இல் ஃபெடோரா 24இல், டெஸ்க்டாப்புக்குள்ளிருந்தே டிஎன்எஃப் ஓட்டிய சிலருக்கு எக்ஸ் (திரையில் படம் காட்டும் நிரல்) விழுந்து அப்டேட் பாதியில் நின்றதையும் சொல்வார்கள். அதற்காகத்தான் நான் டெஸ்க்டாப்புக்கு வெளியே உள்ள டெக்ஸ்ட் கன்சோலில், வேலையை அறுபடாமல் காக்கும் டீமக்ஸ் என்ற நிரலைத் திறந்து ஓட்டுகிறேன். டெஸ்க்டாப் விழுந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.

நீங்கள் முதலில் க்னோம் சாஃப்ட்வேர் என்ற செயலியில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். அப்புறம், பவர் ஆஃப் பெட்டியில் அந்த டிக்கை எடுக்கக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.