24,000 சம்பளம், கையில் 30,000: சென்னையில் குடும்பத்தோடு குடியேற வழி உண்டா?

கேள்வி: கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கைக்கு 24,000 ரூபாய் வருகிறது. இப்போது நண்பர்களோடு ரூமில் இருக்கிறேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் அழைத்து வர வேண்டும். வாடகைக்கு 7,000 வரை ஒதுக்கலாம். ஆனால் பார்க்கிற வீடெல்லாம் ஒன்று 10,000-க்கு மேல் சொல்கிறார்கள், இல்லையென்றால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். என் கையில் 30,000தான் இருக்கிறது. லீசுக்குப் (மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது) போய்விடுங்கள், நகையை வைத்து மூன்று லட்சம் தருகிறேன் என்கிறார் மாமனார். என்ன செய்யலாம்?

பதில்: வழி உண்டு. ஆனால் வாடகை எவ்வளவு என்ற கேள்வியோடு தேட ஆரம்பித்தால் தப்பான வீட்டில் போய் நிற்பீர்கள். வாடகை, கரண்ட், தண்ணீர், வேலைக்குப் போய்வரும் செலவு, அட்வான்ஸுக்குக் கடன் வாங்கினால் அதன் வட்டி, எல்லாம் சேர்ந்து மாதம் 8,500-க்குள் அடங்க வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு அதற்கு மேல் போனால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூடக் கைமாற்று கேட்க வேண்டியிருக்கும்.

கிண்டியிலோ ஆதம்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ அந்தப் பணத்துக்குக் குடும்பம் நடத்துகிற மாதிரி வீடு கிடைப்பது அபூர்வம். அங்கே நேரத்தைக் கழிக்காதீர்கள். உங்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே கிண்டி ரயில் நிலையம் இருக்கிறது. கடற்கரை–செங்கல்பட்டு மார்க்கத்தில் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போகப் போக வாடகை இறங்கும். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் பயணச் செலவு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். தாம்பரத்தைத் தாண்டினால் மட்டும் ரயில்கள் குறைவு. செகண்ட் ஷிஃப்ட் இருந்தால், ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு எதுவரை போகும் ரயில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் வீட்டுக்காரர்கள் வாயைக் கொஞ்சம் பெரிதாகவே திறக்கிறார்கள். பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

ரயில் பாதையில் வீடு என்றால் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே 6,000-க்கு வீடு கிடைத்தது என்று சந்தோஷப்படுவார்கள். ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20 என்றால் மாதம் 26 வேலை நாளுக்கு 1,040 ரூபாய். இரவில் ஆட்டோ கிடைக்காத நாள் தனி. அதைவிட நிலையத்துக்குப் பக்கத்தில் 7,000-க்கு இருப்பது மேல். மனைவி பிறகு வேலைக்குப் போக நினைத்தாலும் வசதி. மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். வீடு பார்க்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தனி சர்வீஸா, சப்-மீட்டரா?" என்பதுதான். தனி மின் இணைப்பு இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் மாதிரி சின்னக் குடும்பம் ஃபேன், லைட், டிவி, மிக்ஸி, ஒரு ஃப்ரிட்ஜ் என்று 200 யூனிட் ஓட்டினாலும் இப்போதைய கட்டணப்படி பில் 250 ரூபாயைத் தாண்டாது. ஒரே இணைப்பில் நாலு போர்ஷனுக்கும் சப்-மீட்டர் போட்டிருக்கிற வீட்டில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலிப்பார். எட்டு ரூபாய் என்றே வைத்தால் அதே 200 யூனிட்டுக்கு 1,600. அதாவது சப்-மீட்டர் உள்ள 6,500 ரூபாய் வீடு உங்களுக்கு மாதம் 7,300 ஆகிறது. தனி சர்வீஸ் உள்ள 7,000 ரூபாய் வீடு 7,125-க்குள் முடிகிறது. யூனிட் கணக்கைச் சொல்ல மழுப்புகிற வீட்டை விட்டுவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டால் "அதெல்லாம் பிரச்சினையே இல்லை" என்பார். பக்கத்துப் போர்ஷனில் இருக்கிற அம்மாவிடம் கேளுங்கள்: போர் தண்ணீர் உப்பா, மே மாதம் லாரி வருகிறதா, அந்தக் காசு யார் தலையில்? வெள்ளத்தையும் அப்படியே. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் 2015-ல் அடையாறு வீட்டுக்குள் வந்த இடங்கள். தரைத்தளம் என்றால் எதிரிலிருக்கும் மளிகைக் கடைக்காரரிடம் "2015-ல் இங்கே எதுவரை தண்ணீர் நின்றது?" என்று கேட்டால் கையாலேயே காட்டிவிடுவார். மேல் மாடியில் தகர ஷீட் போட்ட வீடு மலிவாகக் கிடைக்கும். மூன்று வயதுக் குழந்தையோடு அதில் சித்திரை வெயிலைத் தாங்க முடியாது. வேண்டாம்.

வீட்டை எங்கே தேடுவது? இந்த வாடகையில் இருக்கிற வீடுகள் பெரும்பாலும் செல்போன் செயலிக்கு வருவதில்லை. நிலையத்தில் இறங்கி ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத் தெருவாக நடங்கள். டு-லெட் போர்டு மாட்டுவதற்கு முன்னாலேயே யார் காலி செய்கிறார்கள் என்பது அயர்ன் வண்டிக்காரருக்கும் பால் போடுகிறவருக்கும் தெரியும். புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன். அதையும் அட்வான்ஸோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அப்புறம், நல்ல நாள் பார்க்கிற வழக்கம் உங்களுக்கு ஒரு விதத்தில் உதவும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கிற வீட்டுக்காரர் பேரத்துக்கு இறங்கி வருவார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் அதே வீட்டுக்கு நாலு பேர் வரிசையில் நிற்பார்கள்.

நடக்கும்போது "நீங்க என்ன ஆளுங்க?", "சைவமா?" என்ற கேள்விகளும் வரும். அசிங்கமான வழக்கம்தான். அந்தத் தெருவிலேயே அப்படிக் கேட்காத வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். கறி சமைப்பதை மறைத்துக்கொண்டு குடிபோனால் தினம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர, என்று ஒரு ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. அதனால் பத்து மாதம் கேட்கிறவரிடம் சட்டம் பேசிப் பிரயோஜனமில்லை, கணக்கு பேசுங்கள். 7,000 வாடகைக்குப் பத்து மாதம் 70,000. உங்களிடம் உள்ள 30,000 போக மீதி 40,000-ஐ ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 800 ரூபாய் வட்டிக்கே போகும். ஆகவே வீட்டுக்காரரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அட்வான்ஸ் நாலு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், வாடகையில் 300 சேர்த்துத் தருகிறேன்." அல்லது "நாலு மாதம் இப்போது, மீதியில் இரண்டு மாதம் தீபாவளி போனஸில்." எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சொந்தமாகக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரருக்கு மாதாமாதம் வருகிற பணம் முக்கியம், அவர் ஒத்துக்கொள்வார். 28,000-க்கு மேல் அட்வான்ஸ் போகாமல் பாருங்கள். சாமான் ஏற்றிவரும் வண்டி வாடகைக்கு மாதச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள்.

கொடுக்கிற அட்வான்ஸ் முழுவதும் வங்கி வழியாகவோ யுபிஐ மூலமாகவோ போகட்டும். ஒப்பந்தத்தில் அந்தத் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். அதை ஆன்லைனிலேயே செய்யலாம். வீட்டுக்காரர் சண்டை வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. காலி செய்யும்போது "பெயின்ட் அடிக்க" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் வழக்கம். எத்தனை வருடம் இருந்தால் பிடிப்பார், எவ்வளவு பிடிப்பார் என்பதை முதலிலேயே எழுதி வாங்கினால் கடைசி நாளில் சண்டை இல்லை.

மாமனார் சொல்கிற லீஸ் பற்றி. வெறும் கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். நகைக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மூன்று லட்சத்துக்கு 3,000தான். வாடகையில் பாதிகூட இல்லை. ஆனால் பணம் திரும்பி வர வேண்டுமே. பல வீட்டுக்காரர்கள் லீஸ் பணத்தை வாங்கிய வாரமே கடனுக்கோ கல்யாணத்துக்கோ செலவழித்திருப்பார்கள். அடுத்த லீஸ்காரர் வந்து கொடுத்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து தவணை நின்றுபோனால் ஜப்தி நோட்டீஸ் உங்கள் கதவில்தான் ஒட்டப்படும். இன்னொரு மோசடியும் நடக்கிறது: நடுவில் ஒருவர் வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் பணம் வாங்கிக்கொண்டு, சில மாதம் ஓனருக்கு வாடகை கட்டிவிட்டு மறைந்துவிடுவார். ஓனர் வந்து நிற்கும்போது உங்கள் கையில் அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

அப்படியும் லீஸ்தான் என்றால், பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சொத்தின் வில்லங்கத்தைப் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பத்திரத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று சரிபாருங்கள். பணம் அந்த ஓனரின் கணக்குக்கே போகட்டும். ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால், மாமியார் நகையை வைத்து முதல் வீட்டுக்கே லீஸ் போக வேண்டாம். ஒரு வருடம் வாடகையில் இருந்து அந்த ஏரியாவையும் ஆட்களையும் தெரிந்துகொண்டு பிறகு யோசிக்கலாம்.

வீட்டைப் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், ட்ரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, இந்த க்யூஆர் கோடில் போடுங்கள்" என்று பேசுகிறவர் வீட்டுக்காரரே இல்லை. எல்லாம் முடிந்து சாவி வாங்குகிற அன்று மீட்டர் ரீடிங்கையும், ஏற்கெனவே உடைந்திருக்கிற குழாய், விரிசல் விட்ட வாஷ்பேசின், கறை படிந்த சுவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முந்தைய குடித்தனக்காரர் பாக்கி வைத்துவிட்டுப் போன கரண்ட் பில் உங்கள் தலையில் விழாமல் இருக்க அது உதவும்.