பெண்டுலம் தொங்கும் இடமும் ஒரு சொட்டு எண்ணெயும்: கேள்வி பதில்

கேள்வி: சார், தாத்தா காலத்து சுவர்க் கடிகாரம். சாவி கொடுத்து ஆட்டிவிட்டால் ஐந்தே நிமிடத்தில் நின்றுவிடுகிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை.

பதில்: எண்ணெயை எடுத்து வைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா? நொண்டினால், பெட்டியின் அடிப்பக்கத்தை இடமோ வலமோ மெல்ல நகர்த்தி, ஒலி சமமாகும் இடத்தைப் பிடியுங்கள். அங்கே பெட்டி கோணலாகத் தெரிந்தால், பெண்டுலத்தைத் தள்ளும் கவைக்கம்பியைத் திருத்த வேண்டும். அடிப்பக்கத்தை இடப்பக்கம் நகர்த்தியபோது சமமானது என்றால் கவையையும் இடப்பக்கமே வளையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மி.மீ. போதும். வளைக்கும்போது கம்பியின் மேல்பகுதியை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால், அந்த அழுத்தமெல்லாம் ஆங்கரின் (சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் நங்கூர வடிவத் துண்டு) அச்சுக்குப் போய்விடும்.

நிற்கும் கடிகாரங்களில் பல இந்த ஒரு வேலையிலேயே ஓடத் தொடங்கிவிடும்.

கேள்வி: ஒலி சமம்தான். ஆனால் குண்டு நேராக ஆடாமல் முன்னும் பின்னும் நெளிந்து ஆடுகிறது.

பதில்: பெண்டுலத்தைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை, அதாவது சஸ்பென்ஷன் ஸ்பிரிங், மடங்கியிருக்கிறது. கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முடி அளவு மடிப்பு இருந்தாலும் வெளிச்சம் அங்கே உடைந்து தெரியும். நிமிர்த்திப் பயனில்லை, மடிந்த இடம் மறுபடி மடியும், கடைசியில் அங்கேயே ஒடியும். பெண்டுலத்தை மாட்டியபடியே கடிகாரத்தை இடம் மாற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். தூக்கும் முன் பெண்டுலத்தைக் கழற்றிவிட வேண்டும்.

பட்டை நன்றாக இருந்தும் நெளிந்தால், அதன் இரு முனையிலும் உள்ள பித்தளைப் பிடிகள் தளர்ந்திருக்கலாம், அல்லது மேலே அது செருகும் பிளவு அகன்றிருக்கலாம்.

கேள்வி: அளவுக்கேற்ற பட்டை கிடைக்கவில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: முடியும். வண்டி உதிரிக் கடைகளில் விற்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள்) தொகுப்பில் 0.05 மி.மீ. தகடு இருக்கும், சிறு கடிகாரத்துக்கு அதிலிருந்து தொடங்கலாம். பழைய பட்டையின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு வெட்டுவது நல்லது. நீளமாக, ஒரே வெட்டில் வெட்டுங்கள். ஓரத்தில் எழும் பிசிறை நுண்ணிய எண்ணெய்க் கல்லில் தட்டையாகத் தேய்த்து எடுக்க வேண்டும், பிசிறில்தான் விரிசல் தொடங்கும். துளை போடும்போது தகட்டை இரண்டு பித்தளைத் துண்டுகளுக்கு நடுவே இறுக்கித் துளையிடுங்கள், தனியாகத் துளைத்தால் கிழியும்.

கிடைத்த தடிமனை அப்படியே மாட்டிவிடாதீர்கள். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது: 0.05-க்குப் பதில் 0.1 என்றால் எட்டு மடங்கு. கடிகாரம் வேகமாக ஓடும், வீச்சு சுருங்கும், வலுக்குறைந்த வில் என்றால் நின்றே விடும்.

கேள்வி: அண்ணா, பட்டை மாற்றியதிலிருந்து ஒரு நாளைக்கு நாலு நிமிடம் முந்துகிறது. பெண்டுலம் சுமார் 25 செ.மீ.

பதில்: அந்த நீளத்தில் குண்டை 1 மி.மீ. இறக்கினால் நாளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் மெதுவாகும். உங்களுக்குத் தேவை 1.4 மி.மீ. அடி நட்டின் ஒரு சுற்று 0.5 மி.மீ. என்றால் மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டர் நீளப் பெண்டுலத்தில் அதே 1 மி.மீ. வெறும் 43 விநாடிதான்.

கேள்வி: எந்த எண்ணெய்? வீட்டில் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே எல்லாம் இருக்கிறது.

பதில்: தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. குளிர்ந்தால் உறையும், நாளானால் பிசினாகும். துரு விடுவிக்கும் ஸ்பிரேயில் பெரும்பகுதி கரைப்பான், அது ஆவியானதும் மெல்லிய படலம்தான் மிஞ்சும். அடித்த அன்று கடிகாரம் துள்ளி ஓடுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், கரைந்த அழுக்கு அச்சுத் துளைக்குள்ளேயேதான் இருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் தற்காலிகத்துக்குச் சரி, ஆனால் அது இருந்த இடத்தில் நிற்காமல் இயந்திரத்தின் தகடெங்கும் பரவிவிடும். கடிகாரத்துக்கென்றே வரும் எண்ணெய் வாங்குங்கள். மோபியஸ் என்ற கடிகார எண்ணெய் நிறுவனத்தின் வகைகளில், மெதுவாகவும் பாரத்தோடும் சுழலும் அச்சுகளுக்கு டி5 போன்ற கெட்டியானது, நுண்ணிய வேகமான அச்சுகளுக்கு 9010 போன்ற மெல்லியது. ஒரு சிறு குப்பி பல கடிகாரங்களுக்கு வரும்.

ஆனால் எண்ணெயைவிடச் சுத்தம்தான் முக்கியம். பழைய பிசின்மேல் புதிய எண்ணெய் விட்டால், தூசியும் பித்தளைப் பொடியும் சேர்ந்து அரைக்கும் பசையாகி அச்சைத் தின்னும். கழற்றும் முன் வில்லின் இறுக்கத்தைச் சாவியைப் பிடித்தபடி முழுக்க இறக்கிவிடுங்கள். இறுக்கத்தோடு தகட்டைத் திறந்தால் பற்கள் பறக்கும், விரலும் தப்பாது. துளைகளுக்குள் கூர் சீவிய மூங்கில் குச்சியைத் திருகி எடுங்கள். குச்சி வெளுப்பாக வரும்வரை மறுபடி சீவித் திருகுங்கள். பஞ்சு வைத்த குச்சி வேண்டாம், இழை உள்ளே நிற்கும்.

எண்ணெய் வைக்கத் தையல் ஊசியின் காதுப் பக்கம் போதும். தகட்டில் அச்சு நுனியைச் சுற்றிக் கிண்ணம் போல் ஒரு குழி இருக்கிறதே, அது பாதி நிறைந்தால் சரி. வழிந்தால் துளைக்குள் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆங்கரின் இரு முகங்களுக்கும் கவை உரசும் இடத்துக்கும் ஊசி தொட்ட ஈரம். சக்கரப் பற்களுக்கும் சஸ்பென்ஷன் பட்டைக்கும் ஒன்றும் வேண்டாம்.

கேள்வி: கடற்கரை ஊர். பட்டை துருப்பிடிக்கிறதே, லேசாகத் தடவினால்கூடத் தப்பா?

பதில்: தடவி, உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டால் தப்பில்லை. ஈரமாக விட்டால் தூசி ஒட்டும்.

கேள்வி: ஐயா, கிடை ஊசல் வகை நிலநடுக்க மானி கட்டுகிறேன். கீலுக்கு என்ன எண்ணெய்? அதிர்வைத் தணிக்க இன்ஜின் ஆயில் தொட்டி வைக்கலாமா?

பதில்: கீலுக்கு எண்ணெயே வேண்டாம், முடிந்தால் கீலும் வேண்டாம். ஸோல்னர் முறையில் இரண்டு கம்பிகளே எடை மாட்டிய தண்டைத் தாங்கும்: மேல்கம்பி தூணின் உச்சியிலிருந்து எடைப் பக்கத்துக்கு, கீழ்க்கம்பி, அச்சுக் கோட்டுக்குப் பின்னால் நீட்டிய தண்டின் வால்முனையிலிருந்து தூணின் அடிக்கு. உரசும் இடமே இல்லை. எடை லேசாக இருந்தால் 0.25 மி.மீ. கிட்டார் கம்பி எடுத்துக்கொள்ளலாம், முடிச்சுப் போடாமல் தட்டைத் தகட்டுக்கு அடியில் திருகால் இறுக்குங்கள்.

அச்சிலிருந்து எடை 60 செ.மீ. தள்ளி இருந்தால், 20 விநாடி அலைவுக்கு அச்சுக் கோட்டின் சாய்வு 0.35 டிகிரி, அதாவது 60 செ.மீ. அடித்தளத்தில் 3.6 மி.மீ. உயரம். எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். 12 விநாடிக்கு 10 மி.மீ. சாய்வில் தொடங்கி, கம்பி நீண்டு அடங்கியபின் குறையுங்கள்.

இன்ஜின் ஆயில் காலையில் கெட்டி, மதியம் இளக்கம், தணிப்பும் அப்படியே மாறும். தண்டில் செம்புத் தகடு, அதன் இருபுறமும் நியோடைமியம் காந்தம் வையுங்கள். தண்டை 20 மி.மீ. இழுத்துவிட்டால் நடுக்கோட்டை 1 மி.மீ. தாண்டித் திரும்பி நிற்க வேண்டும். எண்ணெய்தான் என்றால் சிலிகான் ஆயில். வெப்பத்தில் அது குறைவாகவே மாறும்.

கேள்வி: உதிரி, தகவல் தேடும்போது என்னவென்று கேட்பது?

பதில்: டயலில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள், விற்ற கடையின் பெயராக இருக்கலாம். இயந்திரத்தின் பின்தட்டில் உள்ள முத்திரையையும் எண்ணையும் படம் எடுங்கள், சில ஜெர்மன் கடிகாரங்களில் பெண்டுலத்தின் நீளமே அங்கே செ.மீ.-இல் குறித்திருக்கும். பட்டைக்கு ஐந்து அளவு: மொத்த நீளம், பிடிகளுக்கு நடுவே வெறும் பட்டையின் நீளம், அகலம், தடிமன், மேல் ஊசியின் குறுக்களவு. கீழே கொக்கியா, குறுக்கு ஊசியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.