வெள்ளையடிக்காத சுவர்

அன்புள்ள ஐயா,

நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள். சமீபத்தில் அமெரிக்காவில், மோன்டானா பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஒரு அம்மாள் எழுதிய குடும்ப நினைவுகளைப் படித்தேன். பனிப்புயல், குதிரை, நூற்றுக்கணக்கில் மாடுகள் என்று பெரிய வாழ்க்கை. என் ஆயாவும் ரயில்வே லைன் ஓரத்தில் நாலு எருமை வைத்துப் பால் ஊற்றித்தான் என் அம்மாவையும் மாமாக்களையும் ஆளாக்கினார். பத்துப் பக்கம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆனால் சொல்லும்படி அவர் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றுகிறது. எழுதலாமா? சொந்தக்காரர்களின் நிஜப் பெயரைப் போடலாமா? எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே எழுதினால் யாராவது படிப்பார்களா?

வி.

அன்புள்ள வி.,

பெயரை மாற்றிவிடுங்கள். மாற்றினாலும் மாமாக்கள் சண்டைக்கு வருவார்கள், அதற்கு மருந்து இல்லை. உங்கள் பக்கத்துப் பேச்சில் எழுதலாமா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? வேறு எந்தப் பேச்சில் எழுதுவீர்கள்?

நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன மாதம் வியாசர்பாடியில் என் அத்தை செத்துப்போனாள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். 'அன்பின் திருவுருவம், தியாகச் சுடர்' என்று போட்டிருந்தார்கள். படத்தில் அத்தையின் தோளுக்கு மேலே கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். கொம்பு. அத்தை ஒழுங்காகச் சிரிக்கிற ஒரே படம் எருமையோடு நிற்கிற படம்தான். போஸ்டர் அடித்தவர் எருமையை வெட்டிவிட்டார், கொம்பின் நுனி மட்டும் தப்பித்துவிட்டது. முப்பது வருஷம் பால் வியாபாரம் செய்தவள். போஸ்டரில் பால் என்ற சொல்லே இல்லை.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் பத்துப் பக்கம் வந்து சேர்ந்தது. அதில் ஆயா மெழுகுவத்தியாக உருகுகிறார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அவர் வீட்டில் எரிந்தது சிம்னி விளக்கு என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்!

எத்தனை வீட்டுக்குப் பால் ஊற்றினார்? ஆழாக்கு என்ன விலை? புண்ணாக்குக் கடையில் கடன் சொன்னாரா, ரொக்கமா? எந்த எருமை உதைக்கும், எது அவர் கை பட்டால்தான் கறக்கும்? ஒன்றும் இல்லை. 'கன்று செத்தபோது ஆயா கதறி அழுதார்' என்று ஒரு பத்தி இருக்கிறது. அழுதிருப்பார். ஆனால் கன்றைக் காணாத எருமை சுரப்பு விடாது. மறுநாள் பால் வேண்டும். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து எருமை முன்னால் நிறுத்த வேண்டும், அது நக்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் கறக்க வேண்டும். தோலை உரித்தது யார்? தைத்தது யார்? அழுத கையோடு அதைத் தூக்கிவந்து நிறுத்தியது உங்கள் ஆயாதானே? அழுகைக்கு ஒரு வரி போதும், வி. வைக்கோல் கன்றுக்கு ஒரு பக்கம் கொடுங்கள்.

என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொட்டகையை ஒட்டின சுவர்தான் அவள் கணக்கு நோட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. தையல் மிஷின் இருந்த வீட்டுக்குச் சக்கரம், மேஸ்திரி வீட்டுக்குக் கரண்டி, மாடி வீட்டுக்கு ஏணி. குறிக்குப் பக்கத்தில் கரிக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு, நாலு கோடு ஆனதும் ஐந்தாவது நாளுக்குக் குறுக்கே ஒன்று. சம்பள நாள் முடிந்து காசு வந்தால் ஈரத்துணியால் துடைப்பாள். காசு வராத வீட்டின் கோடுகள் அப்படியே நீண்டு கதவுநிலை வரைக்கும் போகும். பொங்கலுக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்போம், அந்தச் சுவரை மட்டும் தொட விடமாட்டாள். ஒரு வருஷம் மாமா தெரியாமல் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். ஏணி வீட்டின் பாதிக் கணக்கு போச்சு. அன்றைக்கு மாமாவுக்குப் பொங்கல் கிடைக்கவில்லை.

தண்ணீர் கலந்தாளா என்றால், கலந்தாள். பின்னி மில் சங்கு ஊதி ஷிப்ட் விடும் நேரத்தில் டீக்கடைக்குப் போன பாலில் ஒரு அளவு, வீடுகளுக்கு வேறு அளவு, கைக்குழந்தை இருந்த வீட்டுக்குத் தண்ணீரே கிடையாது. டீக்கடைத் தூக்கைச் சுமந்தவன் நான்தான், அதனால் சொல்கிறேன். உங்கள் ஆயா ஒரு சொட்டுக்கூடக் கலந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் இன்னொரு தடவை, தனியாக இருக்கும்போது, கேட்டுப் பாருங்கள்.

சந்தையில் மாட்டு விலை பேசுவது துண்டுக்குள். தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள். பொம்பளை கை அதற்குள் போகக் கூடாது. அதனால் மாமாவின் கை உள்ளே போகும், அத்தை எருமையின் மடியைத் தடவிப் பார்க்கிற சாக்கில் எதிரே நிற்பாள். மாமா அவள் முகத்தையே பார்ப்பார். அவள் முந்தானையை இழுத்துச் செருகினால் வேண்டாம், மூக்கைச் சொறிந்தால் முடித்துவிடு. திரும்பி வரும் வழியெல்லாம் தான் எப்படி விலையைக் குறைத்தேன் என்று மாமா கதை சொல்லிக்கொண்டே வருவார். அத்தை ஒரு வார்த்தை பேசமாட்டாள். எருமையின் நடையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவாள்.

சரி, மோன்டானாவுக்கு வருகிறேன். அந்த அம்மாளிடம் இருந்ததும் உங்கள் ஆயாவிடம் இல்லாததும் பனியும் குதிரையும் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே 1862-இல் ஒரு சட்டம் வந்தது. 160 ஏக்கர் நிலத்தில் 5 வருஷம் குடியிருந்து பாடுபட்டால் அது சொந்தம். 21 வயதான, கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தன் பெயரிலேயே கேட்கலாம். புருஷனோடு வாழ்கிற பெண்ணுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை, அதில் நம்மூர் வாடை அடிக்கிறது, இருக்கட்டும். மேய்ச்சல் நிலத்துக்கென்றே 1916-இல் இன்னொரு சட்டம் போட்டு 640 ஏக்கர் வரை கொடுத்தார்கள். பட்டா வேண்டுமென்றால் சாட்சிகளோடு போய் வீடு கட்டினேன், நிலத்தில் இன்னின்ன வேலை செய்தேன் என்று அரசாங்கத்திடம் கணக்குச் சொல்ல வேண்டும். பெயரும் கணக்கும் ஒரே தாளில் இருந்தன. அந்தப் பேத்திகள் எழுத உட்கார்ந்தால் கையில் தாள் இருக்கிறது. நம்மிடம் இருந்தது கரிக்கோடு. துடைத்தாயிற்று. நம்மூர்ப் பேத்தி எழுத உட்கார்ந்தால் கைக்கு அகப்படுவது மெழுகுவத்திதான்.

ஏழாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: 'மாட்டையெல்லாம் மாதவரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், ஆயா போகவில்லை.' அவ்வளவுதானா? சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்று கடிதத்தில் புலம்புகிறீர்கள், இது என்ன? மாதவரத்தில் நியூசிலாந்து உதவியோடு பால் பண்ணை வந்தது 1963-இல். அந்தக் காலத்தில் சொன்னார்களா, அதற்கு முன்பா, பின்பா? வந்து சொன்னது யார், என்ன பதில் சொல்லி அனுப்பினார்? விடியுமுன் கறந்து, சூடு ஆறுவதற்குள் நடந்துபோய் ஊற்றிய வீடுகளை விட்டுவிட்டு அவர் எப்படிப் போவார்? அல்லது காரணம் வேறா? அந்த வரியிலிருந்து ஆரம்பித்து மறுபடி எழுதுங்கள். முதல் ஆறு பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் நஷ்டமில்லை. சிம்னி விளக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடிதத்தில் நாலு எருமை என்கிறீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் ஐந்து இருக்கிறது. இடையில் ஒன்று வாங்கினாரா, கிடேரி வளர்ந்து சேர்ந்துகொண்டதா, யாருடையதையாவது பாதிப் பாலுக்குக் கட்டி வைத்திருந்தாரா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.